எதிராளிக்கு வக்கீல்

சண்டைக்குப் போகும்போது மதினியைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது என்று ஒரு காலத்தில் நான் சபதமே போட்டிருந்தேன். பின்னே என்ன? நம்ம ஆள் என்று நம்பிக் கூட்டிக்கொண்டு போனால், வாயைத் திறந்ததும் எதிராளிக்காகப் பேசுவாள்! சும்மா பேசமாட்டாள், அந்த எதிராளிக்கே தோன்றாத நியாயத்தையெல்லாம் தேடி எடுத்துக் கொடுப்பாள். "எதிராளிக்கு வக்கீல்" என்றுதான் என் அண்ணன் அவளுக்குப் பட்டம் வைத்திருந்தான்.

மதினி என் அண்ணனின் மனைவி. சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்தவள். ஆள் குட்டை, கூட்டத்தில் நின்றால் கொண்டை மட்டும்தான் தெரியும். தூத்துக்குடியில் அண்ணனுக்கு ஒரு ஐஸ் கம்பெனியும், மீன் பிடிக்கிற லாஞ்சு ஒன்றும் இருந்தன. நான் அவர்கள் வீட்டில் தங்கி ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டு ரத்தமே கொஞ்சம் சூடு. அண்ணன் கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவான், நான் வாயில் வருவதை எறிவேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவள் எப்படித்தான் குப்பை கொட்டினாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அந்த வருஷம் பரீட்சை எழுத எனக்கு லீவு வேண்டியிருந்தது. எங்கள் தலைமையாசிரியை கண்டிப்பாகத் தர முடியாது என்றுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பெரியவர்கள் யாராவது வந்து பேசினால் சரியாகும் என்று மதினியை இழுத்துக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் மதினி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஆஹா, ஆரம்பிக்கப் போகிறாள் என்று எனக்கு ஒரே குஷி.

"ஏற்கனவே ரெண்டு டீச்சர்மாரு பிரசவ லீவுல போயிட்டாங்க. இன்ஸ்பெக்ஷன் வேற வருது. இந்த நேரத்துல இவளும் வந்து லீவுன்னு நின்னா உங்களுக்கு எரிச்சலாத்தானே இருக்கும்? உங்க இடத்துல நான் இருந்தா வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றாள்.

நான் பின்னாலிருந்து அவள் கையை நறுக்கென்று கிள்ளினேன். அவள் அசையவில்லை. தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒருத்தருக்காவது புரிஞ்சுதேம்மா" என்று ஆரம்பித்தவர், பத்து நிமிஷம் தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டினார். கொட்டி முடித்ததும் அவராகவே, "சரி, பரீட்சை என்னைக்கு?" என்று கேட்டார். ஐந்து நாள் கேட்டேன், ஐந்து நாளும் கிடைத்தது.

வெளியே வந்ததும் மதினியைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். "நீங்க யாரு பக்கம் மதினி?"

"ஏளா, உள்ள இருக்கதைச் சொல்லி முடிக்காம யாருக்கும் காது திறக்காது. அவங்க சொல்லி முடிக்க நாளாகும். நாமளே சொல்லிட்டா சட்டுன்னு முடிஞ்சிரும்லா?"

இதைக் கேட்டுவிட்டு அவளைப் பசு மாதிரி சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருநாள் திருச்செந்தூர் பஸ்ஸில், கூடையோடு ஏற வந்த மீன்காரப் பெண்களைக் கண்டக்டர் கீழே தள்ளாத குறையாக விரட்டினான். மதினி எழுந்து படிக்கட்டில் போய் நின்றுகொண்டாள். "கூடையில இருந்து தண்ணி சொட்டும், மத்தவங்க உங்களைத்தான் ஏசுவாங்க, சாயங்காலம் நாத்தம் பிடிச்ச பஸ்ஸைக் கழுவுததும் நீங்கதான். எல்லாம் நியாயம். ஆனா இவங்க ஏறாம பஸ் போகாது அண்ணாச்சி" என்றாள். குரல் கொஞ்சமும் உயரவில்லை. பஸ் போகவும் இல்லை, அவர்கள் ஏறும் வரைக்கும்! அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கியதை நான் பார்த்தேன். பயம் இல்லாத பிறவி இல்லை அவள். நடுக்கத்தையெல்லாம் பேசி முடித்த பிறகுக்கு ஒதுக்கி வைப்பாள்.

எங்கள் கோயில் பெண்கள் கூட்டத்தில் ஒருமுறை அவளைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். வேதத்தில் வருகிற ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வேண்டும். மதினி அபிகாயிலை எடுத்துக்கொண்டாள். அபிகாயிலின் புருஷன் நாபால் பெரிய பணக்காரன், பெரிய முரடன். தன் ஆட்டு மந்தையைக் காவல் காத்த தாவீதின் ஆட்கள் சாப்பாடு கேட்டு வந்தபோது அவர்களை இழிவாகப் பேசி விரட்டிவிட்டான். தாவீது நானூறு பேரோடு வாளை உருவிக்கொண்டு கிளம்பிவிட்டான். அபிகாயில் அப்பமும் ஆட்டிறைச்சியும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு எதிரே போய், அவன் கோபத்தை ஆற்றித் திருப்பி அனுப்பினாள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"அவ கொண்டுபோன சாப்பாட்டைப் பத்தியே எல்லாரும் பேசுதோம். தாவீதைக் கண்டதும் அவ கழுதையை விட்டு இறங்கினாளே, அதை யாராவது பேசினோமா?" என்று மதினி கேட்டாள். "கழுதை மேல உக்காந்துக்கிட்டே மன்னிப்புக் கேட்டிருந்தா அவன் காதுல ஏறியிருக்குமா? இறங்கினா. தப்பு என் பேர்லன்னு முதல்ல சொன்னா. நீ என்ன செய்யணும்னு அதுக்குப் பிறகுதான் சொன்னா."

முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும். புருஷன்கிட்ட கேக்காம போனது சரியா?" என்று மடக்கினார்.

"கேட்டிருந்தா போக விட்டிருப்பானாக்கா?" என்றாள் மதினி. கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. கேட்ட அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

இனி ஒரு வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன். எழுபத்தாறோ எழுபத்தேழோ, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அரைப்பரீட்சை லீவில் நான் வீட்டில் இருந்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஐப்பசி மழையில் எங்கள் லாஞ்சு இன்ஜின் நின்றுபோய், தெற்கே பத்து மைலில் ஒரு கடற்கரை ஊருக்கு நேராக அலையில் கிடந்து தத்தளித்தது. அந்த ஊர்க்காரர்கள் மூன்று வள்ளத்தில் போய்க் கயிறு போட்டு இழுத்து வந்து, மெக்கானிக் வரும்வரை இரண்டு நாள் காவல் இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்குச் சோறும் போட்டார்கள். ஒரு முழக் கயிறுகூடக் காணாமல் போகவில்லை.

இப்போது அவர்களுடைய மாதா கோயில் திருவிழா வந்தது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் ஐஸ் கம்பெனிக்கு வந்து அண்ணனைப் பார்த்தார்கள். கோயிலில் ஊருக்கெல்லாம் அசனம் போடுவார்கள், அந்தச் சாப்பாட்டுக்கு வருகிற மீனை வைக்கப் பாளமாகப் பத்துப் பார் ஐஸ் வேண்டும். திருவிழா முடிகிற வரைக்கும் லாஞ்சு அவர்கள் கரை ஓரமாக வராமல் இருந்தால் நல்லது. இவ்வளவுதான் கேட்டார்கள்.

அண்ணன் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தானோ! "யாருல நீங்க? கண்ட கரையில இருந்தும் வந்து கை நீட்டினா, நான் ஐஸ் கம்பெனி நடத்துததா சத்திரம் நடத்துததா? கடல் என்ன உங்க அப்பன் எழுதி வச்சதா?" என்று கத்தினான். அவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு விட்டானா? லாஞ்சு ஓட்டுகிற ஸ்ராங்கைக் கூப்பிட்டு, "அவனுக கரையை ஒட்டியே வலையை இழு. எவன் கேக்கான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, இன்ஜின் பாகம் வாங்க மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். ஸ்ராங்கு கொல்லை வழியாக ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"யம்மா, அண்ணாச்சிகிட்ட யாரும் வாய் திறக்க முடியாது. அதனால உங்ககிட்ட சொல்லுதேன். விடியுமுன்ன அவங்க போட்டிருந்த வலை மேலேயே எங்க வலையை இழுத்துட்டோம். பதினோரு வள்ளத்து வலை போச்சு. நூறு பேருக்கு மேல கிளம்பி வாராங்க. துடுப்பு, கத்தி, மண்ணெண்ணெய் டின்னு. வாடைக் காத்து எதுக்க அடிக்கதால ரோட்டு வழியா வாராங்க. லாஞ்சை எரிக்காமப் போகமாட்டாங்க. நம்ம பயலுவ ஒன்பது பேரு லாஞ்சுல கம்பியோட நிக்கானுவ. கொல விழுந்துரும்மா!"

"போலீசுக்குப் போன் போடுங்க மதினி!" என்று நான் கத்தினேன்.

"போலீசு வந்தா அடி யாருக்கு விழும்? வலை போனது அவங்களுக்கு. அடியும் அவங்களுக்கா?" மதினி ஒரு சொம்புத் தண்ணீரை நின்றவாக்கிலேயே குடித்தாள். "எத்தனை பார் ஐஸ் கேட்டாங்க?"

"பத்தும்மா."

"இருபது ஏத்து. லாஞ்சுல இருக்க இழுவலையையும் சுருட்டி நம்ம கம்பெனி லாரியில போடு."

ஸ்ராங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வலையையாம்மா? வலை இல்லாம லாஞ்சு தொழிலுக்குப் போக முடியாதே!"

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மதினி பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடப் போனாள்.

எனக்கா கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானும் ஏதாவது செய்ய வேண்டுமே! சட்டென்று பெண்கள் கூட்டத்தில் கேட்டது ஞாபகம் வந்தது. அபிகாயில் ஆட்டிறைச்சி கொண்டுபோனாள் அல்லவா? தெருமுனை ஓட்டலுக்கு ஓடினேன். அவர்களிடம் இருந்த பரோட்டாவையெல்லாம் ஒரு பனைநார்ப் பெட்டியில் கட்டச் சொன்னேன். பெரிய தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கறிக் குருமா வாங்கினேன். வேதத்தில் சொன்னபடியே செய்கிறேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் மதினி, அவளுக்குப் பக்கத்தில் மடியில் தூக்குச்சட்டியோடு நான். பின்னால் வலைமேல் ஸ்ராங்கு. ஐஸைச் சாக்கும் உமியும் போட்டு மூடியிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது. உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் வெயில் கண்ணைக் குத்தியது. மதினியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாளா, பேசப் போவதை மனப்பாடம் பண்ணுகிறாளா என்று தெரியவில்லை.

பாலம் தாண்டியதும் அவர்கள் தெரிந்தார்கள். ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மாடி! அத்தனை துடுப்புகளைத் தரையில் நான் அதுவரை பார்த்ததில்லை. "திருப்பிரட்டுமாம்மா?" என்று டிரைவர் கேட்டான்.

"இங்கன நிறுத்துங்க. நான் இறங்கணும்."

இறங்கி, முந்தானையைச் செருகிக்கொண்டு, தனியாக நடந்துபோய் ரோட்டின் நடுவில் நின்றாள். நூறு ஆண்களுக்கு எதிரே அந்தக் குட்டைப் பெண்! "நான் ஐஸ் கம்பெனிக்காரரு பெண்டாட்டி" என்றாள். ஒரே இரைச்சல். ஒருவன் துடுப்பை ஓங்கினான். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அவள் குரல்தான் கேட்டது. "எங்க லாஞ்சு செத்துக் கெடந்தப்போ கயிறு போட்டு இழுத்துக் காப்பாத்தினது நீங்க. எங்க ஆளுகளுக்குச் சோறு போட்டது உங்க வீட்டுப் பொம்பளைங்க. அதுக்குப் பதிலா நீங்க கேட்டது பத்துப் பார் ஐஸ். அதுவும் உங்களுக்கு இல்ல, கோயிலுக்கு. அதைக் கேட்டு வந்த பெரியவங்களை எங்க வீட்டுக்காரரு நாயை விரட்டுத மாதிரி விரட்டிட்டாரு. அது பத்தாதுன்னு, திருவிழாவும் அதுவுமா உங்க வலையெல்லாம் அறுத்துட்டோம். இந்த வாரம் உங்க வீடுகள்ல அடுப்பு எரியணும்னா யாருகிட்டயாவது போய் நிக்கணும். இதுல நான் ஏதும் விட்டிருந்தா சொல்லுங்கய்யா."

இரைச்சல் அடங்கிவிட்டது. கண்ணைத் திறந்தேன். மண்ணெண்ணெய் டின் வைத்திருந்த ஒருவன் முன்னால் வந்தான். "ஒண்ணு விட்டுட்டீங்க. கடல் உங்க அப்பன் எழுதி வச்சதான்னு கேட்டாரு. எங்க அப்பன் அந்தக் கடல்லதான் செத்தான்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அது எனக்குத் தெரியாதுய்யா. எல்லாத்தையும்விட அதுதான் பெரிய தப்பு" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

பிறகு லாரியைக் காட்டினாள். "அதுல இருக்கது எங்க லாஞ்சோட வலை. உங்க வலையெல்லாம் நாங்க சரி பண்ணித் தாற வரைக்கும் உங்க ஊர்லயே இருக்கட்டும். அதுவரை லாஞ்சு கடலுக்குப் போகாது. ஐஸ் கோயிலுக்கு. நான் கேக்கது ஒண்ணுதான், இங்கன இருந்தே திரும்பிருங்க. லாஞ்சுல நிக்க ஒன்பது பேரும் கூலிக்கு வந்தவங்க. அவங்க ரத்தம் உங்க கையில வேண்டாம். நாளைக் கழிச்சு இதே தோள்லதானே மாதா சப்பரம் தூக்கப் போறீங்க?"

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் பின்னால் நின்ற இளவட்டங்கள் விடவில்லை. "பேசி மயக்குதா, நம்பாதீங்க! லாஞ்சை எரிச்சுட்டுப் பேசுவோம்!" என்று முண்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மதினியை இடித்துத் தள்ளிவிடுவார்கள் போலிருந்தது. ஐயோ போச்சே என்று நான் தூக்குச்சட்டியோடு லாரியிலிருந்து குதித்தேன். என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், "சாப்பிடுங்க! எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க! பரோட்டா இருக்கு, ஆட்டுக்கறிக் குருமா இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தி, மூடியைத் திறந்து காட்டினேன்.

குருமா வாசம் ஆளைத் தூக்கியது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். முன்னால் நின்ற வெள்ளைமீசைப் பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா. நாங்க கறி திங்கமாட்டோம்."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. புராட்டஸ்டண்ட்டு வேதக் கோயில்காரி எனக்கு எல்லா நாளும் கறி நாள்தான். கத்தோலிக்க மாதா கோயில்காரர்கள் வெள்ளிக்கிழமை கறியைத் தொடமாட்டார்கள் என்பது இத்தனை வருஷம் தூத்துக்குடியில் இருந்தும் எனக்கு அந்த நேரத்தில் மறந்து தொலைத்தது. எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றிவிட்டேனே என்று மதினியைப் பார்த்தேன்.

மதினி என்னைப் பார்த்தாள், குருமாவைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள்.

"காலையில இருந்து வெறும் வயித்தோட நடந்து வந்திருக்கீங்க. கறியை மூக்குக்கு நேரா நீட்டியும் வெள்ளிக்கிழமைன்னு வாயை அடக்குதீங்க. இன்னைக்கு ஒரு நாளு கையையும் அடக்கக் கூடாதாய்யா?" என்றாள்.

உமியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வெள்ளைமீசைக்காரருக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது. மனுஷன் சிரிக்கிறார்! "ஏலே, துடுப்பை இறக்குங்கலே. இந்தம்மா நம்ம சாமியாரைவிட நல்லாப் பிரசங்கம் வைக்குது" என்றார். முண்டிக்கொண்டு வந்த பையன்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். மண்ணெண்ணெய் டின்காரன் மட்டும் வெகுநேரம் அப்படியே நின்றான். அப்புறம் டின்னை ரோட்டோரமாக வைத்துவிட்டு, லாரியிலிருந்து வலையை இறக்க ஸ்ராங்குக்குக் கை கொடுக்கப் போனான். மதினி அவனைத் தடுத்து, வலையும் ஐஸும் லாரியிலேயே ஊர் போய்ச் சேரட்டும் என்றாள். உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து எல்லோரும் வெறும் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றார்கள். குருமா எனக்கும் டிரைவருக்கும்தான் மிச்சம். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

மறுநாள் காலை அண்ணன் வந்தான். பஸ் ஸ்டாண்டிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். "யாரைக் கேட்டு வலையைக் கொடுத்த? லாஞ்சு உங்க அப்பன் வாங்கிக் கொடுத்ததா?" கையிலிருந்த பையை எறிந்தான், இரும்புச் சாமான் சுவரில் பட்டுத் தெறித்தது. நான் அடுக்களை வாசலில் நின்றேன். அவன் அவள்மேல் கை வைத்தால் குறுக்கே விழுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். இவ்வளவு செய்துவிட்டு இவள் இந்த வீட்டில் இருக்க முடியுமா என்பதுதான் இப்போது கேள்வி.

மதினி கூடத்தின் நடுவில் நின்றாள்.

"நீங்க சொல்ல வேண்டியதை நான் சொல்லட்டுமா?" என்றாள். "பொண்டாட்டி ரோட்டுல நின்னு, நூறு ஆம்பளைக்கு முன்னால, புருஷன் பண்ணது தப்புன்னு சொல்லியிருக்கா. இனி எப்படித் துறைமுகத்துல தலை நிமிந்து நடக்கன்னு நினைக்கீங்க. ஐஸ் பாரைத் தோள்ல சுமந்து இந்தக் கம்பெனிக்கு வந்தவரு நீங்க. அந்த நாள்ல ஒருத்தர்கிட்ட உதவின்னு கேட்டு அசிங்கப்பட்டிருக்கீங்க. எங்கிட்ட நீங்க சொன்னதில்ல, உங்க அம்மை சொல்லியிருக்காங்க. அதுல இருந்து கை நீட்டி வாரவங்களைக் கண்டாலே உங்களுக்கு ஆகாது. அவங்களை விரட்டல, அன்னைக்கு நின்ன உங்களைத்தான் விரட்டுதீங்க. அது எனக்குப் புரியுது. உங்களைக் கேக்காம கொடுத்தது என் தப்பு. ஆனா திரும்பவும் கொடுப்பேன்."

அண்ணன் கையை ஓங்கினான். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அவனுக்கே உரிய முரட்டுத்தனம் போன ஒரு குரலில் கேட்டான்: "அம்புட்டுப் பேரு கத்தியும் கம்புமா வாரானுவ. தனியா இறங்கிப் போயிருக்கியே, உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு" என்றாள் மதினி. "ஆனா இப்போ உங்க முன்னால நிக்கும்போது வாற பயம் அளவுக்கு இல்ல."

அண்ணன் கையைக் கீழே போட்டான். அவளைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான், அவள் சொன்னது பொய் என்று நான் சொல்லிவிடமாட்டேனா என்பது போல. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு இன்னொரு நாற்காலியை, வழக்கம்போல் காலால் தள்ளாமல், கையால் இழுத்துப் போட்டு, "நீயும் உட்காரு" என்றான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவளிடம் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.